ஒரு மா வயலும் ஒரு படித்துறையும்: டெல்டா டயோராமா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டு மாடி அறையில் பத்து வருடத்துக்கு மேலாகச் சின்ன ஊர்கள் செய்துகொண்டிருக்கிறேன். ஒரு படித்துறை, ஒரு களம், ஒரு பழைய ரயில்வே கேட், இரண்டு வயல்கள். வந்து பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றே. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதிலாக இங்கே எழுதி வைக்கிறேன்.

டயோராமா என்பது என்ன? கொலுவில் பார்க் கட்டுவதும் இதுவும் ஒன்றுதானே?

கிட்டத்தட்ட ஒன்றுதான். எவர்சில்வர் தட்டில் குளம் வைத்து, கடுகும் கேழ்வரகும் முளைக்கவிட்டு வயல் காட்டி, ஓரத்தில் மண்மேடு எழுப்பி அதன்மேல் முருகனை உட்காரவைத்த பிள்ளைகள் எல்லோரும் டயோராமா செய்தவர்கள்தான். அந்தச் சொல் 1822ல் பாரிஸில் டாகுவேர் நடத்திய ஓவிய ஒளிக்காட்சிக் கூடத்தின் பெயராக வந்தது. அதற்குப் பிறகுதான் சின்ன அளவில் செய்த முப்பரிமாணக் காட்சிகளுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒரே ஒரு வித்தியாசம். கொலு பார்க்கில் மாடு வீட்டைவிடப் பெரிதாக இருந்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். டயோராமாவில் மாடு, வீடு, மரம், மனுஷன் எல்லாம் ஒரே அளவுகோலுக்குக் கட்டுப்பட வேண்டும்.

எந்த அளவுகோலில் ஆரம்பிக்கலாம்?

1:72. இதை நான் சொல்வதற்குக் காரணம் நம் ஊர்க் கணக்கு.

1:72 என்றால் ஒரு அங்குலம் ஆறு அடிக்குச் சமம். அதாவது ஒரு ஆள் உயரம் ஏறக்குறைய ஒரு அங்குலம். நம் பக்கத்தில் நிலத்தைக் குழி, மா, வேலி என்றுதானே அளப்பார்கள்? ஒரு குழி 12 அடிக்கு 12 அடி, 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. இதை 72ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு குழி இரண்டு அங்குலச் சதுரமாகிறது. சதுரமான ஒரு மா, 120 அடிக்கு 120 அடி, சரியாக இருபது அங்குலம். இரண்டரை அடிப் பலகை ஒன்று எடுத்தால் ஒரு மா வயல், சுற்றி வரப்பு, ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் நாலு தென்னை எல்லாம் அடங்கிவிடும். ஒருமுறை இந்தக் கணக்கு கைக்கு வந்துவிட்டால் கால்குலேட்டரே தேவைப்படாது. அறுபது அடித் தென்னை பத்து அங்குலம். மூன்றடித் திண்ணை அரை அங்குலம்.

ரயில் ஆசை உள்ளவர்கள் 1:87 போகலாம். முகபாவம், வேட்டி மடிப்பு எல்லாம் தெரிய வேண்டும் என்றால் 1:35. ஆனால் அதில் ஒரு மா வயல் மூன்றரை அடிக்கு வரும், கட்டில் அளவுக்கு இடம் வேண்டும். கடையில் கிடைக்கும் சின்ன உலோகக் கார்கள் ஏறக்குறைய 1:64. அதை 1:72 ஆட்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் கொஞ்சம் தடியாகத்தான் தெரியும். காட்சியின் முன் ஓரத்தில் நிறுத்தினால் கண் மன்னித்துவிடும்.

நம்ம ஊர் தட்டை. மலை இல்லை, பாறை இல்லை. நிலப்பரப்பு என்று செய்ய என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்வேன்.

முதன்முதலில் நான் செய்தது ஒரு வயல்காட்சி. தெர்மாகோல் பலகையை அப்படியே தட்டையாக வைத்து, மேலே வயல், வாய்க்கால், ரோடு எல்லாம் வரைந்து பச்சையடித்துவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எங்கள் தெருவில் விவசாயம் பார்க்கும் பெரியப்பா ஒருத்தர் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, “தம்பி, இந்த வயலுக்குத் தண்ணி எந்தப் பக்கத்துலேருந்து வருது? எங்க வடியுது?” என்று கேட்டார். பதில் இல்லை. நான் வரைந்திருந்த வாய்க்கால் வயலைவிடத் தாழ்வாக இருந்தது. இறைத்து ஊற்றினால்தான் தண்ணீர் ஏறும்.

டெல்டாவில் நிலப்பரப்பு என்றால் மட்டம். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் கடற்கரை வரை ஏறக்குறைய 80 கிலோமீட்டர். மொத்த இறக்கம் 50 மீட்டர் சொச்சம்தான். இரண்டடி நீளமுள்ள 1:72 பலகையில் அந்தச் சாய்வு அரை மில்லிமீட்டர்கூட வராது, விசிட்டிங் கார்டு தடிமன். அதனால் ஊரின் பொதுச் சாய்வை மறந்துவிடலாம். ஆனால் அந்தத் தட்டைக்குள் மனுஷன் வெட்டியும் கட்டியும் வைத்த மட்டங்கள் இருக்கின்றனவே, அவைதான் நம் மலையும் பள்ளத்தாக்கும்.

மேலிருந்து கீழே வரிசையாகச் சொல்கிறேன். ஆற்றங்கரை, அதன் மேலேயே ஓடும் ரோடு: வயலிலிருந்து ஆறேழு அடி உயரம், பலகையில் ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. அடுத்து வீட்டு மனைகளும் கோயில் திடலும். அப்புறம் பாசன வாய்க்கால்: அதன் தண்ணீர் மட்டம் வயலைவிட ஒரு பிடியாவது உயரமாக இருக்க வேண்டும், அப்போதுதான் மடையைத் திறந்தால் தானாகப் பாயும். அடுத்து வரப்பு, ஒரு அடி உயரம், அதாவது 4 மி.மீ. அதற்குக் கீழே வயல். எல்லாவற்றுக்கும் கீழே வடிகால். மேட்டு வயலிலிருந்து பள்ள வயலுக்கு வரப்பை வெட்டித் தண்ணீர் விடுவதும் உண்டு, ஆகவே இரண்டு வயல் செய்தால் இரண்டும் ஒரே மட்டத்தில் வேண்டாம்.

இதைக் கட்ட ஒரு சுலபமான வழி, 3 மி.மீ. சன்போர்டு (கத்தியால் வெட்டக்கூடிய லேசான நுரைப் பலகை). 1:72ல் அது கிட்டத்தட்ட ஒரு சாண். ஒரு அடுக்கு ஒட்டினால் ஒரு சாண் ஏறும். வடிகால் அடியைச் சுழியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயல் நாலாவது அடுக்கு, வாய்க்காலின் தண்ணீர் ஐந்தாவது, மனை எட்டாவது, ரோடு பதின்மூன்றாவது என்று காகிதத்தில் எழுதிவிட்டு வெட்டத் தொடங்குங்கள். காவிரியோ வெண்ணாறோ கல்லணைக் கால்வாயோ, எந்தப் பாசனத்து ஊராக இருந்தாலும் முதலில் ஒரு அம்புக்குறி போடுங்கள்: தண்ணீர் இங்கே வருகிறது, இங்கே போகிறது. மற்ற எல்லாம் அதற்கு அப்புறம்.

அடிப்பலகைக்கு எது நல்லது?

12 மி.மீ. பிளைவுட். கனமாக இருந்தாலும் வளையாது. அதன்மேல் சன்போர்டு அடுக்கு, அல்லது நீலம், இளஞ்சிவப்பு நிறத்தில் வரும் கெட்டியான இன்சுலேஷன் போம். சாதாரண தெர்மாகோல் மலிவுதான், ஆனால் கத்தி பட்டால் மணி மணியாக உதிரும். அந்த மணிகள் மூன்று மாதத்துக்கு உங்கள் காபியில் மிதக்கும்.

ஸ்பிரே பெயின்ட் அடித்தேன், தெர்மாகோல் உருகிப் பள்ளமாகிவிட்டது. என்ன செய்வது?

எல்லோருக்கும் ஒருமுறை நடப்பதுதான். ஸ்பிரேயில் உள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்னும். ஃபெவிக்விக்கும் அப்படியே. தெர்மாகோலுக்கு ஃபெவிகால், தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம், இரண்டு மட்டும். ஸ்பிரே அடித்தே ஆக வேண்டும் என்றால் முதலில் ஃபெவிகாலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் கலந்து முழுக்க மூடுங்கள். ஊசி முனை அளவு இடம்கூடத் திறந்திருக்கக் கூடாது. உருகிய பள்ளத்தைக் குட்டையாக்கி அல்லி வைத்துவிடலாம், நான் அப்படித்தான் சமாளித்தேன்.

ஆற்று மணலையே போட்டால் அசல்போல இருக்குமே?

இருக்காது. அரை மில்லிமீட்டர் மணலை 72ஆல் பெருக்கினால் மூன்றரை சென்டிமீட்டர். ஆற்றில் ஜல்லி கொட்டியதுபோலத் தெரியும். மணலுக்குப் பதிலாக நைஸான கோலமாவு எடுத்து, காவியும் கொஞ்சம் மஞ்சளும் கலந்த அக்ரிலிக்கில் குழைத்துப் பூசுங்கள்.

வயலுக்கு மட்டும் அசல் மண் நன்றாக வேலை செய்கிறது. வாய்க்கால் தூர்வாரிப் போட்டிருக்கும் வண்டலில் இரண்டு கை எடுத்து வாருங்கள். சுவாமிமலையில் சிலை வார்ப்பவர்கள் மெழுகு உருவத்தின்மேல் முதல் பூச்சுக்குக் காவிரி வண்டலைத்தான் பயன்படுத்துகிறார்கள். மெழுகில் உள்ள நகக்கோட்டைக்கூட அப்படியே பிடித்துக்கொள்ளும் அளவுக்கு அது நைஸ். வெயிலில் காயவைத்து, பொடித்து, பழைய வாயில் சேலைத் துணியில் சலித்து, ஒரு இரும்புச் சட்டியில் பத்து நிமிஷம் வறுத்துவிடுங்கள். வறுக்காமல் போட்டால் ஒரு மாதத்தில் கோரை முளைக்கும். எனக்கு முளைத்தது, 1:72ல் அது பனைமர உயரம்.

கோடையில் வெடித்த வயல் வேண்டுமா? அந்த வண்டலைத் தோசை மாவுப் பதத்தில் கரைத்து, ஃபெவிகால் சேர்க்காமல், மெல்லிசாக ஊற்றிக் காயவிடுங்கள். தானாக வெடிக்கும். பூச்சு எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு சின்னச் சின்னப் பாளமாக வெடிக்கும் என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். ஒரு மில்லிமீட்டருக்குள் ஊற்றினால் பாளங்கள் அளவுக்குப் பொருந்தி வரும். தடிமனாக ஊற்றினால் ஏரி வற்றியதுபோல் பெரிய பாளமாகப் பிளக்கும். காய்ந்தபின் தண்ணீர் கலந்த ஃபெவிகாலைப் பஞ்சில் தொட்டுச் சொட்டுச் சொட்டாக விட்டு உறையவைக்க வேண்டும், தேய்க்கக் கூடாது.

நெல் எப்படி?

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள். ‘பச்சை வயல்’ என்று ஒன்று இல்லை. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12ல் திறந்து, தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும் நேரம் என்றால் பாதி வயல் சேடை ஓட்டிய (தண்ணீர் கட்டி உழுத) சேறு, மூலையில் ஒரு நாற்றங்கால் மட்டும் கண்ணைப் பறிக்கும் இளம்பச்சை. ஆடிக் கடைசியில் குறுவை கரும்பச்சை. தை என்றால் சம்பா தலைசாய்ந்து பொன்னிறம், வரப்பில் மட்டும் பச்சை. மாசியில் அறுத்த தாள் வெளுத்து நிற்க, அதன் நடுவே உளுந்து இரண்டு இலை விட்டிருக்கும். அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே ஈரத்தில் தெளித்துவிடுவார்களே, அது.

அப்புறம் முறை. 20க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் சதுர மீட்டருக்கு ஐம்பது குத்து (சேர்த்து நடும் நாற்றுக் கொத்து). ஒரு மாவுக்கு அறுபத்தேழாயிரம் குத்து வரும். உட்கார்ந்து ஒவ்வொன்றாக நட்டால் உங்கள் பேரன்தான் முடிப்பான். நான் முன் ஓரத்தில் ஒரு குழி அளவுக்கு மட்டும், பழைய பிரஷ் முடியை மூன்று மூன்றாகப் பிடித்து உண்மையாகவே நடுகிறேன். அதுவே அறுநூற்று எழுபது குத்து, நாலு ஞாயிற்றுக்கிழமை. மிச்சம் உள்ள இடத்துக்கு மூன்று பொருள்:

இளம் பயிருக்கு டர்க்கி டவல். அதன் நூல் வளையம் மூன்று நாலு மி.மீ. உயரம், நட்டு இருபது நாளான பயிரின் உயரத்துக்குச் சரியாக வரும். வளையங்கள் வரிசையாக இருப்பதால் நடவு வரிசையும் கிடைத்துவிடும். வளர்ந்த பயிருக்கு, கரடி பொம்மை தைக்கும் முடித்துணி. கத்தரித்துச் சாயம் ஏற்றிச் சீப்பால் ஒரு பக்கமாக வாரிவிட்டால் காற்றடிப்பது தெரியும். விளைந்த சம்பாவுக்குத் தென்னைநார் மிதியடி. சாயமே வேண்டாம். நாரின் நிறம்தான் விளைந்த கதிரின் நிறம். 14 மி.மீ.க்கு வெட்டி, நுனியில் மட்டும் வெளிர்மஞ்சளைக் காய்ந்த பிரஷ்ஷால் தடவுங்கள்.

அறுப்பு நடக்கும் வயல் என்றால் பெல்ட் வண்டி (பெல்ட் சக்கரத்தில் ஓடும் அறுவடை இயந்திரம்) போன தடத்தை மறக்காமல் சேற்றில் போடுங்கள். இப்போது அந்தத் தடம் இல்லாத வயல் எங்கே இருக்கிறது?

நடவு நடும் பெண்களை எப்படிச் செய்வது?

ஒயரிங் வேலையில் மிஞ்சும் செம்புக் கம்பி எலும்பு, எம்-சீல் (பிசைந்து ஒட்டினால் கெட்டியாகும் பசைக்களி) சதை, டிஷ்யூ பேப்பரைத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்தால் சேலை. முழங்காலை அதிகம் மடக்காதீர்கள். நடுபவர்கள் இடுப்பில்தான் குனிவார்கள். இடது கையில் நாற்று முடி (நாற்றுக் கட்டு), வலது கை சேற்றில். சேலை முழங்காலுக்கு மேல் செருகியிருக்கும், அதன்மேல் ஒரு பழைய முழுக்கைச் சட்டை.

நிறையப் பேர் தவறவிடுவது ஒன்று உண்டு. நடுபவர்கள் பின்னோக்கி நகர்வார்கள். ஆகவே நட்ட பகுதி அவர்கள் முகத்துக்கு முன்னால், நடாத சேறு முதுகுக்குப் பின்னால், அந்தச் சேற்றில் இங்கொன்றும் அங்கொன்றுமாக வீசிப்போட்ட நாற்று முடிகள். மாற்றிச் செய்தால் நட்ட பயிரை மிதித்துக்கொண்டு போவதாக ஆகிவிடும். அதே பெரியப்பா மறுபடியும் வருவார்.

ஆற்றுத் தண்ணீருக்கு ரெசின் ஊற்றலாமா?

ரெசின் என்பது ஊற்றினால் கண்ணாடிபோல் உறையும் பிசின். ஊற்றலாம், ஆனால் பெரும்பாலும் அவசியமில்லை. வெளிநாட்டுக்காரர்கள் செய்து காட்டும் பளிங்குத் தண்ணீர் நம் வாய்க்காலில் கிடையாது. ஆனி ஆடியில் வரும் புதுத்தண்ணீர் டீ நிறம். அடி தெரியாத தண்ணீருக்கு ஆழம் எதற்கு? தட்டையான பரப்பில் பழுப்பும் கொஞ்சம் ஆலிவ் பச்சையும் அடித்து, ஓரத்தில் வெளிர்த்து, நடுவில் கருமையாக்கி, மேலே அக்ரிலிக் பளபளப்பு வார்னிஷ் ஐந்தாறு கோட் கொடுத்தால் போதும். ஓடும் தண்ணீரின் சுருக்கத்துக்கு, கடைசிக் கோட்டுக்கு முன் ஒட்டும் ஜெல்லைக் கோடு கோடாக இழுத்துவிடுங்கள். மதகு ஷட்டருக்குக் கீழே வெள்ளை நுரை, அதுவும் சுத்த வெள்ளை வேண்டாம்.

படித்துறையில் கடைசி இரண்டு படி தண்ணீருக்குள் தெரிய வேண்டும் என்றால் அப்போது எபாக்சி ரெசின். டப்பாவில் போட்டிருக்கும் விகிதத்தை அப்படியே எடைபோட்டுக் கலக்குங்கள், கண்ணளவு வேண்டாம். ஒரு தடவைக்கு 3, 4 மி.மீ.க்கு மேல் ஊற்றினால் சூடேறி அடியில் உள்ள தெர்மாகோலை உருக்கும். பலகை ஓரத்தை டேப் ஒட்டி அணைகட்டும்போது இரண்டு தடவை தடவிப் பாருங்கள். ஒருமுறை ராத்திரி ஊற்றிவிட்டுப் படுத்தேன். காலையில் ஆறு காலி, கட்டிலுக்கு அடியில் செருப்பு இரண்டும் தரையோடு ஒட்டி நின்றன. இன்னொன்று: ஐப்பசி கார்த்திகை ஈரக்காற்றில் ஊற்றினால் மேலே வெள்ளையாக மெழுகு படர்ந்ததுபோல் மங்கிவிடும். மாசி பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். நிறத்துக்கு, நன்றாகக் காய்ந்த வண்டல் தூளையே ஒரு சிட்டிகை கலக்கலாம்.

எதுவும் முடியாதென்றால் சித்திரை மாதக் காவிரியைச் செய்யுங்கள். தண்ணீர்ச் செலவே கிடையாது.

தென்னை மரம் எப்போதும் துடைப்பம் மாதிரி வருகிறது.

மட்டை எண்ணிக்கை குறைவாக இருக்கும். நல்ல மரத்தில் முப்பது மட்டையாவது இருக்கும். நாம் எட்டோ பத்தோ செருகிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். ஒரு மட்டை 5 மீட்டர், அதாவது 7 செ.மீ. இரண்டு பக்கமும் பச்சை அடித்த மெல்லிய காகிதத்தில் நீள இலை வெட்டி, நடுவில் மெல்லிய கம்பியை ஒட்டி, இரண்டாக மடித்து, சாய்வாக நெருக்கமாகக் கத்தரியுங்கள். விரித்து, நகத்தால் நீவினால் கீற்று தொங்கும். குருத்து நேராக, நடு மட்டைகள் வில்லாக, அடிமட்டைகள் மஞ்சளித்துத் தொங்கலாக, ஒன்றிரண்டு காய்ந்து மரத்தோடு ஒட்டியபடி. அடி கொஞ்சம் பருத்து, மேலே போகப் போகச் சிறுத்த தண்டு: கம்பிமேல் நூல் சுற்றி ஃபெவிகால் பூசினால் மட்டை விழுந்த வடுக்கள் வந்துவிடும். வாய்க்கால் கரை மரம் என்றால் தண்ணீர்ப் பக்கம் சாயுங்கள். ஒரே நேராக நிற்கும் ஆறு தென்னை பார்த்தால் அது ஹோட்டல் வாசல்.

கஜா புயலுக்கு அப்புறமான தோப்பு ஒன்று செய்ய ஆசை. செய்யலாமா?

செய்யுங்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை நாங்கள் கதவுக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தோம்; விடிந்தபோது தோப்பு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. நான் அதை இரண்டு தடவை தொடங்கி நிறுத்தியிருக்கிறேன். கவனித்ததை மட்டும் சொல்கிறேன். மரங்கள் இரண்டு விதமாகப் போயின: சில வேரோடு சாய்ந்தன, சில நடுவில் முறிந்து மொட்டையாக நின்றன. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. சாய்ந்த மரத்தின் அடியில் சல்லிவேர் மண்ணோடு பெரிய பந்தாகத் தூக்கி நிற்கும். தென்னைநாரை உருட்டி வண்டலில் தோய்த்தால் அதுவே வேர்ப்பந்து. புயலின் கண் கடந்தபின் காற்று திசை மாறி அடித்ததால் எல்லா மரமும் ஒரே பக்கம் படுத்திருக்கவில்லை.

ஓட்டு வீடு, கூரை வீடு?

நாட்டு ஓட்டுக்கு, 1:35ல் செய்பவர்கள் மெல்லிய நெளி அட்டையின் மேல்தாளை நனைத்து உரித்தால் போதும். 1:72க்கு அது பெரிது. தையல்நூலை வரிசையாக ஒட்டி மேலே டிஷ்யூ பேப்பர் போர்த்திக் கெட்டிப்படுத்துகிறேன். செங்கல் சிவப்பு ஒரே நிறமாக வேண்டாம். கரிய பாசி, நடுவே மாற்றிப்போட்ட புது ஓடு நாலு, கண்ணாடி ஓடு ஒன்று.

கீற்றுக் கூரைக்குக் காய்ந்த வாழை மட்டையை நார்நாராகக் கிழித்து அடியிலிருந்து மேலாக அடுக்குங்கள். புதுக்கூரை பழுப்பு, பழசு சாம்பல். மேலே ஒரு நீலத் தார்ப்பாய், அது பறக்காமல் இருக்க இரண்டு சைக்கிள் டயர். இந்த டயர் ஒன்றுதான் பார்ப்பவர்களைச் சிரிக்கவைத்து “எங்க சித்தி வீடு” என்று சொல்லவைக்கிறது.

நெட்டி பயன்படுத்தலாமா?

தாராளமாக. சொல்லப்போனால் நமக்குக் கிடைத்த சிறந்த மாடல் பொருளே அதுதான். குளம் குட்டைகளில் வளரும் செடி. தோலைச் சீவினால் உள்ளே வெள்ளைவெளேரென்று, காகிதத்தைவிட மிருதுவாக இருக்கும். தஞ்சாவூரில் நெட்டியிலேயே பெரிய கோயிலைச் செதுக்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்களே, அந்த வேலைப்பாட்டுக்கு 2020ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. புது பிளேடு வேண்டும். மழுங்கியது நெட்டியைக் கிழிக்கும். கோபுரச் சுதை, தூண், கல் மதில் எல்லாவற்றுக்கும் பொருந்தும். வண்ணத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் நீர்த்த ஃபெவிகால் ஒரு கோட் முதலில். தண்ணீர் அதிகமானால் ஊறிச் சுருங்கும்.

பெரிய கோயிலையே செய்தால் என்ன?

விமானம் 216 அடி. 1:72ல் சரியாக மூன்றடி. திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி, பதினாறு அங்குலம், அது முடியும். எங்கள் ஊர் ஹரித்ராநதித் தெப்பக்குளம் 1,158 அடி நீளம், பலகையில் பதினாறு அடி. அதற்கு வீட்டை இடிக்க வேண்டும். முழுக் கோயிலுக்குப் பதில் மதில் ஓரம் ஒன்று, காவி வெள்ளைப் பட்டை, அடியில் பூக்கடை. கோபுரம் பின்னணி ஓவியத்தில் இருக்கட்டும்.

ரயில் வேண்டும்.

பழைய மீட்டர் கேஜ் என்றால் 1:87 எடுங்கள், 12 மி.மீ. தண்டவாளம் ஏறக்குறைய சரியாகப் பொருந்தும். ஒய்பி, ஒய்ஜி நீராவி எஞ்சின்களும் ஒய்டிஎம்-4 டீசலும்தான் அந்தக் காலத்து முகங்கள். இன்றைய அகலப்பாதைக்கு 1:87ல் 19 மி.மீ.க்கு மேல் வேண்டும். கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. தண்டவாளம் ஒல்லியாகத் தெரியும். ஓடாத காட்சி என்றால் தண்டவாளம் கையால் செய்வதே மேல். எனக்குப் பிடித்தது ரயிலே இல்லாத பாதை: மயிலாடுதுறை தரங்கம்பாடி வழியில் மிஞ்சிய மண்மேடு மாதிரி, தண்டவாளம் பிடுங்கிய மேட்டில் எருக்கும் ஆடுகளும்.

மழைக்காலத்தில் பூஞ்சை, எறும்பு, கரையான்?

மைதாப் பசை பயன்படுத்தினால் எறும்பு வரும், ராமபாணப் பூச்சியும் வரும். புத்தகம் பைண்டு செய்பவர்கள் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பார்கள். அது விஷம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஃபெவிகாலோடு நின்றுவிடுவது நல்லது. மரத்தூள் பயன்படுத்தினால் அதை வறுத்துவிட்டுச் சாயம் ஏற்றுங்கள். ஐப்பசியில் பிளாஸ்டர் ஒரு வாரமானாலும் ஈரமாக இருக்கும். அதன்மேல் வண்ணம் அடித்தால் கரும்புள்ளி வரும். சுவரை ஒட்டி வைக்காதீர்கள்.

எவ்வளவு செலவாகும்?

கடைசியாகச் செய்த இரண்டரை அடிப் பலகைக்கு எனக்கு 2,800 ரூபாய் ஆனது. பாதி ரெசினுக்கு. ரெசினை விட்டால் ஒரு நல்ல பிளேடும் ஃபெவிகாலும்தான் செலவு; மிச்சம் எல்லாம் கொல்லையிலும் தையல்காரர் கடைக் குப்பையிலும் கிடைப்பவை.

பிள்ளைக்கு நாளைக் காலை பள்ளியில் புராஜெக்ட் கொடுக்க வேண்டும். இன்றைக்கு ராத்திரிக்குள் என்ன செய்யலாம்?

டர்க்கி டவல் வயல், கோலமாவு மணல், தென்னை ஈர்க்கு வேலி. வாய்க்காலை வயலுக்கு மேலே வையுங்கள். பிள்ளையையும் கொஞ்சம் செய்ய விடுங்கள்.

போட்டோவில் பொம்மை மாதிரியே இருக்கிறது.

மேலிருந்து எடுக்கிறீர்கள். செல்போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் பலகையோடு ஒட்டி வரும். ஒரு அங்குல உயரம், அதாவது வரப்பில் நிற்கும் ஆளின் கண். பின்னால் வெளிர்நீல அட்டை. வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து, காலை ஏழு மணி வெயில் போதும்.

கண்ணாடிப் பெட்டி அவசியமா?

அவசியம். தூசியைத் துடைக்க முடியாது, ஊதினால் கொக்கு பறக்கும். பெட்டி வருவதற்கு முன் இரண்டு வாரம் என் வயல் திறந்தபடி இருந்தது. ஒரு நாள் விளக்கைப் போட்டால் வரப்பின்மேல் ஒரு பல்லி, நடவுப் பெண்களைப் பார்த்தபடி. நாலு அங்குலப் பல்லி, 72ஆல் பெருக்கினால் இருபத்துநாலு அடி. கொள்ளிடத்தில் முதலை உண்டு என்பதால் அந்தப் பக்கத்துக் காட்சி செய்பவர்கள் வேண்டுமானால் அப்படியே விட்டுவிடலாம்.